கல்லூரிக் கட்டடத்தில் ஆபத்து என்றால் முதல் பத்து நிமிடம் யார் கையில்?

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். மூன்று மாடி அறிவியல் கட்டடத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். தீ, வெள்ளம், லேப் விபத்து என்று எது வந்தாலும் என்ன செய்வது என ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்கிறார் முதல்வர். இணையத்தில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் நூறு பக்கக் கையேடுகள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

நூறு பக்கம் எழுதினால் அது முதல்வர் அறை பீரோவில், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வரும்வரை பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பின்பக்க மாடிப்படியில் இருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் பின்பக்கம் என்றால், நம் ஊர்க் கல்லூரிக் கட்டடங்களில் பெரும்பாலும் இரண்டு மாடிப்படி கட்டியிருப்பார்கள். வரைபடத்தில் இரண்டும் இருக்கும், அனுமதியும் அதற்குத்தான் வாங்கியிருப்பார்கள். நடைமுறையில் முன்பக்கப் படி மட்டும்தான் புழக்கத்தில் இருக்கும். பின்பக்கப் படியின் கீழே இழுத்து மூடும் இரும்பு கேட் போட்டு, அதற்குச் சங்கிலி சுற்றி, பூட்டும் தொங்கும். கேட்டால், "பசங்க அந்த வழியா டீக்கடைக்குப் போயிருதானுவ சார்" என்று பதில் வரும். சாவி எங்கே என்றால் ஆபீஸில். ஆபீஸில் யாரிடம் என்றால் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம். வாட்ச்மேன் அண்ணாச்சி எங்கே என்றால் சாப்பிடப் போயிருப்பார். அந்தப் படிக்கட்டின் அடியில் நாலு பைக், உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் மூட்டைகள், வெள்ளையடித்து மிச்சமான பெயின்ட் டின்கள். பெட்ரோலும் காகிதமும் பெயின்ட்டும் ஒரே இடத்தில், அதுவும் மாடியில் இருப்பவர்கள் இறங்கிவர வேண்டிய வழிக்கு நேர் கீழே. புகை மேலே ஏறும் பொருள். மாடிப்படிக் கூடுதான் அதற்குக் கிடைக்கும் முதல் புகைபோக்கி.

உங்கள் கட்டடத்தில் இது இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால், நீங்கள் எழுத வேண்டிய திட்டத்தின் பாதி அந்தப் பூட்டிலேயே இருக்கிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ பிடித்தது கூரையில். ஆனால் அத்தனை உயிர் போனதற்கு, வெளியே வர வழி போதாததும் காரணம். 2019 மே மாதம் சூரத்தில் ஒரு பயிற்சி மையத்தின் மேல் மாடியில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தார்கள், பலர் மேலிருந்து குதித்தார்கள். 2024 ஜூலையில் டெல்லி ராஜேந்தர் நகரில் அடித்தளத்தில் நூலகம் வைத்திருந்த ஒரு பயிற்சி மையத்தில் மழைத்தண்ணீர் பாய்ந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டு தீ, ஒன்று தண்ணீர். உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று இடத்திலும் ஒரே கதிதான்: போக வழி இல்லை.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். 101 அல்லது 112 அடித்தால் பாளையங்கோட்டையில் இருந்தோ பேட்டையில் இருந்தோ வண்டி கிளம்பும். நம் தீயணைப்பு வீரர்கள் சுணங்குகிறவர்கள் இல்லை. ஆனால் தகவல் போய், வண்டி கிளம்பி, திருநெல்வேலி சந்திப்பு நெரிசலையோ ஏதாவது ஒரு ரயில்வே கேட்டையோ கடந்து, ஊருக்கு வெளியே இருக்கும் வளாகத்தைத் தேடி வந்து, குழாயை விரிப்பதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் சாதாரணமாக ஆகிவிடும். புகை ஒரு வராண்டாவை நிரப்ப அவ்வளவு நேரம் வேண்டாம். அதனால் அந்த முதல் பத்து நிமிடத்தில் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் மீட்புப் படை: லேப் அட்டெண்டர், துப்புரவு அக்கா, வாட்ச்மேன், அந்த மணி நேரத்தில் வகுப்பெடுக்கும் கெஸ்ட் லெக்சரர். திட்டத்தை இவர்களுக்காக எழுதுங்கள்.

இங்கேதான் நம் கல்லூரிகளுக்கே உரிய ஒரு நோய் வருகிறது. புகையை முதலில் பார்ப்பது துப்புரவு அக்கா. அவர் நேராக மணியை அடிப்பாரா? மாட்டார். அட்டெண்டரிடம் சொல்வார். அவர் லேப் அசிஸ்டென்ட்டிடம் சொல்வார். அவர் ஹெச்.ஓ.டி.யைத் தேடுவார். ஹெச்.ஓ.டி. முதல்வருக்கு போன் போடுவார், முதல்வர் மீட்டிங்கில் இருப்பார். "ஒண்ணுமில்லாததுக்கு மணியடிச்சு கிளாஸைக் கலைச்சிட்டியே" என்று ஒருமுறை திட்டு வாங்கிய ஆள் அடுத்த முறை அடிக்கவே மாட்டார். ஆகவே திட்டத்தின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: புகையையோ தீயையோ பார்க்கும் எவரும், யாரையும் கேட்காமல், மணியை அடிக்கலாம், 101-ஐயும் கூப்பிடலாம். தவறாக அடித்தாலும் விளக்கம் கேட்கப்பட மாட்டாது. கீழே முதல்வர் கையெழுத்து. அதைப் பிரதியெடுத்து மணிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்புறம் அந்த அக்காவையும் வாட்ச்மேனையும் நேரில் கூப்பிட்டு, முதல்வரே வாயால் சொல்லட்டும். காகிதத்தில் இருப்பதை விட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

மணியிலும் ஒரு விஷயம். பீரியட் மணியும் ஆபத்து மணியும் ஒன்றாக இருக்கக் கூடாது. விட்டுவிட்டு நீளமாக அடிப்பது என்றோ தனி சைரன் என்றோ ஒன்றை முடிவு செய்யுங்கள். மின்சாரம் போனாலும் அடிக்கும்படி ஒரு கை சைரனோ பழைய தண்டவாளத் துண்டோ இருக்கட்டும்.

போனில் என்ன சொல்வது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் "சார் எங்க காலேஜ்ல தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்தச் சாலை, எந்த கேட், எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்ற ஐந்தும் சொல்லியாக வேண்டும். நாம் கட்டடங்களுக்குப் பெரிய மனிதர்கள் பெயராக வைத்திருப்போம், அது தீயணைப்பு நிலையத்துக்குத் தெரியாது. ஒரு ஆள் பைக்கில் கேட்டுக்குப் போய் நின்று வண்டியைக் கூட்டி வர வேண்டும். இன்னொன்று, நம் ஊரில் அலங்கார வளைவு இல்லாத கல்லூரியைப் பார்ப்பது அபூர்வம். அந்த வளைவுக்குள் தண்ணீர் வண்டி நுழையுமா, உள்ளே திரும்ப இடம் இருக்குமா என்று நிலைய அலுவலரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

சரி, தீயை நாமே அணைப்பதா வேண்டாமா? சுவரில் மாட்டியிருக்கும் ஃபயர் சிலிண்டர் பெரிய தீக்கு இல்லை. கையில் தூக்கும் அளவு சிலிண்டர் கால் நிமிடம், மிஞ்சிப் போனால் அரை நிமிடத்தில் காலியாகிவிடும். குப்பைக்கூடை அளவு தீயா, உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கிறதா, இரண்டாவது ஆள் மணியை அடித்தாகிவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் முயற்சி செய்யலாம். ஊசியை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். சுவாலையின் உச்சியில் அடித்துப் பொடியை வீணாக்குவதுதான் எல்லாரும் செய்வது. ஒரு சிலிண்டரில் அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பூட்ட வேண்டாம், சாத்தினால் போதும். சாத்திய கதவு புகையை நல்ல நேரம் தாமதப்படுத்தும்.

கம்ப்யூட்டர் லேப், யு.பி.எஸ். ரூம், இ.பி. பேனல் பக்கம் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வேண்டும். அதன் கூம்பு வாயைக் கையால் பிடித்தால் உறைகுளிரில் தோல் போய்விடும், கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். சின்ன அறைக்குள் அடித்தால் மூச்சு முட்டும், அடித்ததும் வெளியே வரவேண்டும். மற்ற இடங்களுக்கு, பல வகைத் தீக்கும் பொதுவான ஏ.பி.சி. பொடி சிலிண்டர் போதும். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள். ஆண்டு விழாவுக்குக் கட்டும் ஃபிளெக்ஸ் எப்போதும் சரியாக அந்த சிலிண்டரை மறைத்துத்தான் கட்டப்படும். இது என்ன ராசியோ தெரியவில்லை.

அறிவியல் கட்டடம் என்பதால் லேப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேதியியல் லேபில் நாலு பொருள் இருக்கிறதா பாருங்கள்: வாளியில் காய்ந்த மணல், கண் கழுவும் குழாய் அல்லது குறைந்தபட்சம் ரப்பர் குழாய் மாட்டிய தனிக் குழாய், தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும் ஷவர், தீப்போர்வை. மணல் எதற்கென்றால் சோடியத்துக்கு. மண்ணெண்ணெயில் போட்டு வைத்திருக்கும் சோடியத் துண்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும், சாதாரண சிலிண்டரும் உதவாது. அந்த மணல் வாளி மழையில் நனையாமலும், வெற்றிலை துப்பும் இடமாக மாறாமலும் இருக்க வேண்டும்.

கண்ணில் அமிலம் பட்டால் உடனே தண்ணீர், முழுசாகப் பதினைந்து நிமிடம், இமையை விரலால் விரித்துப் பிடித்தபடி. இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு ஆட்டோவில் ஏற்றி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். போகிற வழியெல்லாம் அமிலம் கண்ணைத் தின்றுகொண்டே போகும். கழுவி முடித்த பிறகுதான் ஆட்டோ. அமிலத்தை முறிக்கிறேன் என்று காரத்தை ஊற்றுகிற வேதியியல் அறிவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். பக்கத்தில் ஷவர் இருந்தால் அதன் அடியில் நிறுத்துங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2008 டிசம்பரில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு திரவத்தை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டிருந்தபோது 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் உடையில் தீப்பிடித்தது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை நூல் ஸ்வெட்டர் எரிந்தது. 18 நாள் கழித்து இறந்துபோனார். நம் லேபில் பாலியெஸ்டர் சுடிதாரும் பறக்கும் துப்பட்டாவும் பன்சன் பர்னருக்கு மேலே குனிவதை நினைத்துப் பாருங்கள். பருத்தி லேப் கோட், துப்பட்டாவை உள்ளே விட்டுப் பொத்தான் போட்டுக்கொள்வது, தலைமுடியை முடிந்துகொள்வது: பிராக்டிகல் பீரியட் ஆரம்பத்தில் ஆசிரியர் சொல்லியே ஆக வேண்டியவை இவை.

லேபில் இருக்கும் வாயு சிலிண்டர்கள் இன்னொரு தலைவலி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பரில் ஹைட்ரஜன் சிலிண்டர் தொடர்பான வெடிப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூன்று பேருக்குப் பலத்த காயம். அங்கேயே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்துங்கள். சமையல் வாயு இணைப்பு என்றால் மெயின் வால்வு லேபுக்கு வெளியே, எட்டும் உயரத்தில், எந்தப் பக்கம் திருப்பினால் அடைபடும் என்று அம்புக்குறியோடு இருக்கட்டும். வாயு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அது தரையோடு தரையாகத் தேங்கும். ஜன்னலோடு கீழ்க் கதவையும் திறந்துவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்புங்கள்.

வெளியே அனுப்பினால் எங்கே? எல்லாத் திட்டத்திலும் "கூடுமிடம்" என்று ஒரு பச்சைப் பலகை இருக்கும். நம் பக்கத்தில் ஒரு இடம் போதாது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து மேகாத்து என்ன வேகத்தில் அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கட்டடத்துக்குக் கிழக்கே மாணவர்களை நிறுத்தினால் புகை முழுக்க அவர்கள் மேல்தான் விழும். காய்ந்து கிடக்கும் புல்லும் உடைமரமும் பற்றினால் தீயும் அந்தப் பக்கம்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கு வாடைக்காற்றாகத் திரும்பிவிடும். அதனால் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று இரண்டு இடம் வைத்து, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள். கொடிக்கம்பத்தைப் பார்த்தால் காற்று தெரிந்துவிடும்.

கூடிய பிறகு எண்ண வேண்டும். வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணாதீர்கள். வகுப்புக்கே வராமல், நண்பன் ப்ராக்ஸி சொன்னதால் பதிவேட்டில் இருக்கும் நாலு பேரைத் தேடி ஒரு வீரர் புகைக்குள் போய்விடக் கூடாது, பதிவேட்டில் இல்லாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேறு வகுப்பு நண்பன் விடுபட்டும் போகக் கூடாது. "உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இங்கே இருக்கிறாரா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பதுதான் நம்பகமான கணக்கு. கழிப்பறைகளைத் தட்டிப் பார்க்க மாடிக்கு ஒரு ஆள். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் ஆராய்ச்சி மாணவர்கள் மேல்மாடியில் தனியாக வேலை செய்வார்கள். அவர்கள் உள்ளே போகும்போது வாட்ச்மேன் நோட்டில் பெயர், அறை எண் எழுதிவிட்டுப் போக வேண்டும். வாட்ச்மேன் ஒன்பது மணிக்கு எல்லா கேட்டையும் பூட்டுகிறவராக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறு வருடத்துக்கு மேலான பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்த பிள்ளைகள் இந்த ஊர்க் கல்லூரிகளுக்கும் வருகிறார்கள். காது கேளாத மாணவருக்கு உங்கள் சைரன் இல்லாதது மாதிரிதான். பக்கத்தில் உட்காருகிற இரண்டு பேரை, தோளைத் தட்டிக் கூட்டி வரும் பொறுப்பில் வையுங்கள். இரண்டு பேர், ஏனென்றால் ஒருவர் அன்றைக்கு லீவாக இருப்பார். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தீ நேரத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது ஒரு டைம்டேபிள் வேலைதான், ஒரு பைசா செலவில்லை.

அடுத்து தேர்வு நாள். நம் நவம்பர் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருபவை. தேர்வு அன்று கட்டடம் எப்படி இருக்கும்? போன்கள் எல்லாம் வெளியே பைக்குள். ஒரு கேட் தவிர மற்றதெல்லாம் பூட்டு. ஹால் சூப்பரிண்டெண்ட் மனதில் விடைத்தாள் தவிர வேறு நினைப்பே இருக்காது. அன்றைக்கு மணி அடித்தால் என்ன செய்வது என்று அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்: விடைத்தாளை மேசையிலேயே விட்டுவிட்டு மாணவர்களை இறக்குங்கள், மறுதேர்வு பற்றிப் பல்கலைக்கழகத்திடம் பிறகு பேசிக்கொள்ளலாம். இது எழுத்தில் இல்லை என்றால் அவர் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மழை என்றதும் 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் வராத ஆள் இந்தப் பக்கம் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி சந்திப்புப் பேருந்து நிலையத்துக்குள் வந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக வளாகமே தண்ணீருக்குள் நின்றது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். கடைசி ஆள் வெளியே வர 19-ஆம் தேதி ஆயிற்று. மின்சாரம் இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இல்லை. தீ வந்தால் பத்து நிமிடம் தாக்குப் பிடித்தால் போதும். வெள்ளம் வந்தால் இரண்டு நாள் யாரும் வர மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

கட்டடப் பொறுப்பாளராக நீங்கள் பார்க்க வேண்டியது: மெயின் பேனல், ஜெனரேட்டர், பேட்டரிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன? வராண்டாவில் தண்ணீர் ஏறும் முன்பே மெயினை இறக்க யாருக்குத் தெரியும்? தண்ணீர் நின்ற தரைத்தளத்தில் மெயின் இறக்கியதை உறுதி செய்யாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அமிலக் குப்பிகள் தரையோடு இருக்கும் கீழ் அலமாரியில் இருந்தால் ஐப்பசிக்கு முன் மேலே ஏற்றுங்கள். ஹாஸ்டல் உங்கள் பொறுப்பில்லை என்றாலும் வார்டனோடு உட்கார்ந்து குடிதண்ணீர், அரிசி, பருப்பு, கேஸ், தினசரி மருந்து சாப்பிடும் பிள்ளைகளின் பட்டியல் ஆகியவற்றை இரண்டு மூன்று நாள் கணக்கில் பேசிவையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே தூரத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். பாதி வழியில் ஓடை பெருகி நிற்கும். ஹாஸ்டல் மேட்டில் இருந்தால் பிள்ளைகள் அங்கேயே இருப்பதுதான் நல்லது.

மழை நின்ற பிறகுதான் சுவர்கள் விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஊறிய காம்பவுண்டுச் சுவர், பழைய கழிப்பறை, சன்ஷேடு எல்லாவற்றையும் மறுபடி வகுப்பு தொடங்கும் முன் ஒரு சிவில் பொறியாளர் பார்க்கட்டும். அதுவரை யாரும் பக்கத்தில் போகாதபடி சுற்றிக் கயிறு கட்டி வைத்தால் போதும்.

மழையில் பாம்பும் உள்ளே வரும், தரைத்தள லேபுக்கும் கழிப்பறைக்கும்தான் முதலில். கடித்தால் கட்டு இறுக்கிப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நேரத்தைக் குறித்து, நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பச்சிலை கொடுக்கிற ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

உண்மையில் உங்களுக்கு அடிக்கடி வரப்போவது தீயும் வெள்ளமும் இல்லை, மயக்கமும் வலிப்பும்தான். காலையில் சாப்பிடாமல் நாலு மணிக்கே எழுந்து பஸ் பிடித்து வந்த பிள்ளை பதினொரு மணிக்கு விழும். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்து, நினைவு வந்த பிறகு மட்டும் குடிக்கக் கொடுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் ஒரு பயனும் கிடையாது. வாயில் எதையும் வைக்காமல், சுற்றிலும் இருக்கிற நாற்காலிகளை நகர்த்தி, தலைக்கு அடியில் ஒரு பையை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. பேராசிரியர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, மூச்சும் அசைவும் இல்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டபடியே மார்பு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, ஆள் மாற்றி ஆள் அமுக்க வேண்டும். யூத் ரெட் கிராஸ், என்.எஸ்.எஸ். பிள்ளைகளுக்கு ஒரு மதியம் போதும், கற்றுக்கொண்டுவிடுவார்கள். விஷம் ஏதாவது குடித்திருப்பாரோ என்ற சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், இருந்த புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனம் சோர்ந்த பிள்ளைகளுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எல்லா மாடியிலும் எழுதி வையுங்கள்.

இன்னொரு வகையையும் சொல்லாமல் விட முடியாது. வெளியாட்கள் ஆயுதத்தோடு வளாகத்துக்குள் வந்தால் தீ மணி அடித்து எல்லாரையும் மைதானத்துக்கு இறக்குவது தப்பு. அப்போது வகுப்புக் கதவை உள்தாழ் போட்டு, ஜன்னலை விட்டு விலகி உட்கார்ந்து, 112 அடிக்க வேண்டும். அதற்கு வேறு மணியோ மைக் அறிவிப்போ இருக்கட்டும். வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தால் மாணவர்களை விட்டுத் தேட வைக்காதீர்கள். போலீஸுக்குச் சொல்லி, பையை அவரவர் எடுத்துக்கொண்டு வெளியேறச் செய்து, யாருடையது என்று தெரியாத பொருளைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

ஒத்திகை. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வரும், 1944-இல் மும்பைத் துறைமுக வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்களை நினைத்து அனுசரிப்பது. அந்த வாரத்தில் கல்லூரி மைதானத்தில் பாதி வெட்டிய பேரலில் தீ மூட்டி, முதல்வர் சிலிண்டரைப் பிடித்து அணைப்பார், போட்டோ பேப்பரில் வரும். நல்ல விஷயம்தான், ஆனால் அது கண்காட்சி. உங்களுக்கு வேண்டியது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், முன்பக்க மாடிப்படியில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, "இந்த வழி புகை" என்று அட்டை மாட்டிவிட்டு மணியடிப்பது. முதல்வருக்கும் மருத்துவ அறைக்கும் மட்டும் முன்பே தெரிந்தால் போதும். எத்தனை நிமிடத்தில் கடைசி ஆள் இறங்கினார், பின் கேட் திறந்ததா, யார் செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேவலமாகத்தான் இருக்கும். செமஸ்டருக்கு ஒன்று என்று வைத்தால் நாலாவது தடவையில் சரியாகிவிடும்.

பணம் கேட்கும்போது முதல்வரிடம் பெரிய பட்டியலை நீட்டாதீர்கள், கமிட்டி போட்டுவிடுவார். முதலில் மூன்றே மூன்று கேளுங்கள். பின் கேட்டுக்குச் சங்கிலியை எடுத்துவிட்டு, உள்ளிருந்து சாவி இல்லாமல் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள். டீக்கடைப் பிரச்சினைக்கு, திறந்தால் சத்தம் போடும் ஒரு சின்ன அலாரம் வைத்துவிடலாம். அடுத்தது, மாடிக்கு ஒரு ஜன்னலிலாவது நிரந்தரக் கம்பியை அறுத்து, கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும் கிரில். மூன்றாவது, மாடிப்படியில் மின்சாரம் போனாலும் எரியும் விளக்குகள். முதல் இரண்டும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் வேலை. படிக்கு அடியில் இருக்கும் பைக்குகளுக்குச் செலவே இல்லை, நாளைக்கே எடுக்கச் சொல்லலாம். அதில் ஒன்றிரண்டு பேராசிரியர்களுடையதாக இருக்கும், சண்டை வரும், வரட்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, நடந்ததை நடந்தபடி நாலு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல்வர் கேட்ட திட்டம் அதுதான்.